டிரம்மில் இருந்த எழுத்து

கேரளாவில், கொச்சிக்குப் பக்கத்தில் ஏலூர் இருக்கிறது. பெரியாற்றங்கரை ஊர். அங்கே தொழிற்சாலைகள் அதிகம். ஃபாக்ட் உரத் தொழிற்சாலை 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் பூச்சி மருந்துத் தொழிற்சாலையும் வந்தது.

அந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம். பிள்ளைகள் புத்தகத்தில் பிளாக்பெரிப் படம் பார்த்தார்கள்.

“அம்மா, இந்தச் செடி வைக்கலாமா?”

அம்மா அடுத்த வீட்டுச் சேச்சியிடம் கேட்டார்.

“அது குளிர் தேசத்துச் செடி. இங்கே சரியாகக் காய்க்காது. முசுக்கட்டை வை. மல்பெரி என்பார்களே, அதுதான். பட்டுப்புழு இலையைத் தின்னும். பழத்தை நாம் தின்னலாம்” என்றார் சேச்சி. ஒரு கிளையும் வெட்டிக் கொடுத்தார்.

செடி வைக்க அப்பா ஒரு பழைய டிரம் வாங்கி வந்தார். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். அதில் மண்டை ஓட்டுப் படம். கீழே சிவப்பு நிறம். பக்கத்தில் தேய்ந்த எழுத்து. அம்மா போன வருடம்தான் படிக்கக் கற்றவர். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“வி...ஷ...ம். விஷம்! என்னங்க, இது பூச்சி மருந்து டிரம்.”

“கழுவினால் போகாதா?”

“முழுதும் போகாது. பிள்ளைகள் தின்னும் பழம் ஆயிற்றே.”

அப்பா யோசித்தார். குழிக்கண்டம் ஓடை அவர் நினைவுக்கு வந்தது. 1999-இல் நடந்த ஆய்வில் அந்த ஓடைச் சேற்றில் டி.டி.டி. நஞ்சு இருப்பது தெரிந்தது. டிரம்மை யாரும் எடுத்துப் புழங்காதபடி ஓட்டை போட்டார். ஓடை மண்ணையும் எடுக்கவில்லை. நல்ல மண்ணும் அரிசிச் சாக்கும் கொண்டு வந்தார்.

நடும் முறை

1. பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். அதில் மூன்று, நான்கு கணு இருக்க வேண்டும்.

2. சாக்கின் அடியில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

3. மண்ணுடன் மக்கிய சாண எருவைக் கலந்து நிரப்புங்கள்.

4. இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி குச்சியை நடுங்கள்.

5. துளிர்க்கும் வரை நிழலில் வையுங்கள். பிறகு வெயில் வேண்டும்.

6. செடி வளர்ந்ததும் கிளைகளை வெட்டி விடுங்கள். புதுத் துளிரில் பழம் வரும்.

பழம் முதலில் சிவக்கும். நன்றாகக் கறுத்த பிறகு பறியுங்கள். கழுவித் தின்னுங்கள்.

அம்மா வைத்த செடி காய்த்தது. பிள்ளைகளின் நாக்கெல்லாம் கறுப்பு!

விடை சொல்லுங்கள்

1. அம்மா டிரம்மை ஏன் வேண்டாம் என்றார்?

2. சாக்கில் ஏன் ஓட்டை போட வேண்டும்?

3. உங்கள் வீட்டில் உள்ள டப்பாக்களில் என்ன எழுதியிருக்கிறது? படித்துப் பாருங்கள்.