லெப்டொப் வாங்குமுன் மொடலைப் பாருங்கள்

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காகச் சீட்டுக் காசை எடுத்து லெப்டொப் வாங்கப் போகிறவர்கள், "எந்தக் கம்பனி நல்லதுங்க?" என்றுதான் நம்மிடம் கேட்கிறார்கள். கம்பனிப் பெயர் மட்டும் போதாது. லெனோவோவில் திங்பேட் வேறு, ஐடியாபேட் வேறு. டெல் செய்த லட்டிடியூடும் இன்ஸ்பிரோனும் அப்படித்தான். திங்பேட், லட்டிடியூட் இரண்டும் அலுவலகங்களுக்கென்று செய்தவை, உடம்பு கெட்டி. மற்றவை வீட்டுப் பாவனைக்கு, விலை பார்த்துச் செய்தவை.

விலை கூடினால் பழுது வராது என்றும் இல்லைங்க. அப்பிள் கம்பனி 2015இல் மெக்புக்கில் போட்ட மெல்லிய கீபோர்ட்டில் சில எழுத்து விழவில்லை, சில எழுத்து இரண்டிரண்டாக விழுந்தது. 2018இல் இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டி வந்தது.

மலிவான புதுசைவிட, அலுவலகத்தில் பாவித்த நல்ல திங்பேட் மேல் என்பது நம் எண்ணம். கடையிலேயே மூடியை நாலைந்து தரம் திறந்து மூடுங்கள். பிணைச்சல் ஆடினால் வேண்டாம். பிறகு வயரைக் கழற்றிவிட்டு, பெட்டரியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று இருந்து பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.