தீயின்றிச் செய்யும் பழச் சிற்றுருண்டைகள்

ஆண்டுதோறும் ஆனி மாதப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிக்ஷாடன மூர்த்தி வீதியுலா வருங்கால் வீட்டு மாடிகளினின்றும் ஜனங்கள் மாங்கனிகளை வாரி இறைப்பர்; கீழே நிற்போர் அவற்றைப் பிரசாதமாக ஏந்திக்கொள்வர். கணவன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்கு அளித்த புனிதவதியாரின் வரலாற்றை நினைவூட்டும் விழா இது. நெரவி காரைக்காலுக்கு அடுத்த ஊராதலால், அந்நாட்களில் இங்கும் பல வீடுகளில் உறவினர் கூடுவர். கூடையிலே கனிகள் குவியும்.

இவ்விரண்டினாலும் இல்லத்தரசிகளுக்கு ஒரு சங்கடம் நேருகிறது. விருந்தினர் நிறைந்த வீட்டில் அடுப்படியில் நின்று பணியாரம் சுட நேரமிராது. கனிகளோ, கைமாறி அடிபட்டவையாதலால், இரண்டொரு நாளில் அழுகத் தொடங்கும். ஆகையால், சுடாமலும் பொரிக்காமலும், ஒரே வாயில் உண்ணத்தக்க அளவில் பழப் பண்டங்களைச் செய்யும் முறையை இங்கே விளக்குவோம். சிறு உருண்டைக்குக் கத்தியும் தட்டும் வேண்டுவதில்லை, நின்றபடியே உண்ணலாம், குழந்தைகள் கடித்துவிட்டு எறிவதும் குறையும்.

தீ செய்யும் வேலையை யார் செய்வது?

தீயினால் பண்டம் வேகுவது மாத்திரமன்று. அதிலுள்ள கிருமிகளும் மடிகின்றன. தீயை நீக்கினால் அவ்வேலையை வேறொன்று ஏற்றுக்கொள்ள வேண்டும். இவ்விஷயத்தை மறந்து செய்யும் பண்டமே விருந்தினருக்கு வயிற்றுக் கடுப்பை உண்டாக்குகிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பழனிப் பஞ்சாமிர்தம் இதற்குச் சிறந்த உதாரணம். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பிரசாதம், மலைவாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் முதலியவற்றைத் தீயின்றிப் பிசைந்து செய்யப்படுவது. அதில் ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. மிகுதியான சர்க்கரை பழத்திலுள்ள நீரைத் தன்வசம் பற்றிக்கொள்ளுகிறது; கிருமிகளுக்கு வேண்டிய நீர் கிட்டாமையால் அவை பெருகுவதில்லை. உலர்த்துதலும் இதே காரியத்தைச் செய்கிறது. புளிப்பு அதற்குத் துணை நிற்கிறது. எனவே சர்க்கரை, வெயில், புளிப்பு, சுத்தம் ஆகிய நான்குமே தீக்குப் பதிலாக நிற்பவை. முதல் மூன்றும் இல்லாத பண்டத்தை உடனே உண்டுவிட வேண்டும்.

கனிகளைத் தெரிந்தெடுத்தல்

கனிகளை மூன்று குவியலாகப் பிரிக்க. தோல் கிழியாத நல்ல கனி அப்படியே உண்பதற்கு உரியது. தோல் கிழியாமல் உள்ளே கன்றியது சாறெடுப்பதற்கு உரியது. கன்றிய பாகத்தை வெட்டி நீக்கிவிட வேண்டும். வீதியில் விழுந்து தோல் பிளந்ததும், பூஞ்சை பிடித்ததும் எருக்குழிக்கு உரியவை. பூஞ்சையை மாத்திரம் சுரண்டிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாகாது.

விலைக்கு வாங்குவோர் கார்பைடுக் கல்லினால் பழுக்கவைத்த கனியை விலக்குக. அக்கல்லில் ஆர்சனிக் முதலிய நஞ்சுகள் கலந்திருக்கக்கூடும். அவ்விதம் பழுக்கவைத்த பழத்தை விற்பது இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. எந்தக் கனியையும் நறுக்குமுன் ஓடும் நல்ல நீரில் கழுவுக. நறுக்கியபின் கழுவுவதில் பயனில்லை.

1. பேரீச்சை உருண்டை

கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் கால் கிலோ, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், துருவிய கொப்பரை 50 கிராம், ஏலக்காய் நான்கு. கடலையைக் கரகரப்பாக இடித்து, பழத்தைச் சேர்த்து மீண்டும் இடித்தால் மாவு போலத் திரளும். கையில் சிறிது நெய் தடவி, நெல்லிக்காயளவு உருட்டி, கொப்பரைத் துருவலில் புரட்டி எடுக்க. பேரீச்சையில் இயல்பாகவே சர்க்கரை மிகுதி, நீர் குறைவு. ஆதலால் ஈரம் படாத மூடிய டப்பாவில் ஒரு வாரம் வரை இருக்கும். தேங்காய்த் துருவலைக் கொப்பரைக்குப் பதிலாக இடின் மறுநாளே கெட்டுவிடும்.

2. மாம்பழத் தகடு

ஆந்திர தேசத்தார் மாமிடி தாண்ட்ரா என்று வழங்கும் பண்டம் இது. கோதாவரிக் கரையிலுள்ள ஆத்ரேயபுரம் இதற்குப் பெயர் பெற்றது. நார் வடிகட்டிய மாம்பழச் சாறு ஒரு கிலோவுக்குச் சர்க்கரை 150 கிராம், எலுமிச்சஞ்சாறு இரண்டு தேக்கரண்டி சேர்க்க. கன்றிய கனியின் சாறாயின் ஆவி பறக்கும் வரை சில நிமிஷம் சூடாக்கி ஆறவைப்பது பத்திரம். இது சமைப்பதற்காக அன்று, கிருமி நீக்குவதற்காகவே. நெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைக்க. முதற்படை உலர்ந்தபின் அதன்மேல் அடுத்த படை ஊற்றுக. விரற்கனம் வந்ததும், கையில் ஒட்டாத பக்குவத்தில் எடுத்துச் சிறு சதுரங்களாக நறுக்கலாம். கடற்காற்று ஈரமுள்ளதாகையால் மாலையில் தட்டை வீட்டினுள் எடுத்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஆனி வெயிலிலேயே இவ்வேலையை முடித்துக்கொள்வது நலம்.

3. அவல் வாழைப்பழ உருண்டை

டெல்டாவில் எளிதில் அகப்படும் பூவன் பழம் மூன்று, கெட்டி அவல் 200 கிராம், பொடித்த வெல்லம் 100 கிராம், ஏலப்பொடி சிறிது. அவலைக் கரகரப்பாகப் பொடித்து, பழத்துடன் பிசைந்து கால் மணி நேரம் மூடி வைக்க. அவல் பழத்தின் ஈரத்தை உறிஞ்சி, உருட்டும் பதம் வரும். ஆனால் இதில் சர்க்கரையும் போதாது, உலர்ச்சியும் இல்லை. ஆதலால் இது பந்தி நேரத்தில் செய்யத்தக்கதேயன்றி முதல் நாள் செய்து வைக்கத்தக்கதன்று. இத்தகைய ஈரப் பண்டத்தை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியில் வைத்திருத்தல் ஆகாது. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் நாளில் ஒரு மணியே எல்லை.

கவனிக்க வேண்டியவை

உருட்டுபவர் கையைச் சோப்பினால் கழுவித் துடைத்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ கையில் புண்ணோ உள்ளவர் அன்று இவ்வேலையை ஏற்கலாகாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதனையும் கொடுக்கக்கூடாது. பெரியோருக்குத் தீங்கு செய்யாத ஒருவகைக் கிருமி வித்து அதில் இருக்கக்கூடும். வேர்க்கடலை ஒவ்வாதவர் உளரா என்று பரிமாறுமுன் விசாரிப்பது மரியாதை. நீரிழிவுள்ளவருக்கு இவை பழமென்ற பெயரால் மட்டும் ஏற்றவையாகிவிடா.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து இவற்றை விற்பனைக்குச் செய்யவும் இடமுண்டு. அவ்விதம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, செய்த தேதியைப் பொட்டலத்தின்மேல் எழுத வேண்டும். முதலில் பேரீச்சை உருண்டையையும் மாம்பழத் தகட்டையும் மேற்கொள்வதே புத்தி. அவலுருண்டையை வீட்டு விருந்துக்கென நிறுத்திக்கொள்க. இவ்வாண்டு ஆனியில் கூடை கவிழ்வதற்குமுன் கனிகளை மூன்று குவியலாகப் பிரிக்கும் வழக்கத்தையேனும் குடியானவர் இல்லங்களில் தொடங்குவார்களாயின், எருக்குழிக்குப் போகும் கனிகளிற் பல விருந்தினர் கைக்குப் போய்ச் சேரும்.