சொல்லியாச்சு, இன்னும் தொடங்கவில்லை

"இந்தத் தடவை குரூப் 4 எழுதப் போறேன்" என்று அறிவிப்பதற்கும் முதல் பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கும் நடுவில் சிலருக்கு ஒரு வருஷமே ஓடிவிடுகிறது. தேர்வு மட்டுமில்லை. வீட்டிலிருந்தே கேட்டரிங் தொடங்குவது, பாதியில் விட்ட எம்.ஏ.வை முடிப்பது, சர்க்கரை ஏறியதும் காலையில் நடக்கப் போவது எல்லாம் இதே வரிசைதான். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கென்னவோ, நாம் கேள்வி கேட்காமல் நம்பிவரும் சில யோசனைகளுக்கும் இதில் நல்ல பங்கு உண்டு என்றே படுகிறது.

நம்பிக்கை: நாலு பேரிடம் சொல்லிவிட்டால் மானத்துக்குப் பயந்தாவது செய்துவிடுவோம்.

உண்மை: எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வுகளில் சட்ட மாணவர்களும் பங்கேற்றார்கள். படிப்பில் எப்படி முனையப் போகிறோம் என்று மாணவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். சிலர் எழுதியதை ஆய்வாளர் அவர்கள் எதிரிலேயே படித்துப் பார்த்தார். மற்றவர்கள் எழுதியது யார் கண்ணிலும் படவில்லை. பிறகு சட்டம் சார்ந்த பயிற்சி வேலையைக் கொடுத்து, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். யாருடைய தீர்மானத்தை இன்னொருவர் படித்தாரோ, அவர்கள்தான் குறைவாக உழைத்தார்கள். இவர்கள் ஏனோதானோ ஆட்கள் அல்ல, சட்டத் துறையில் உறுதியான ஆசை உள்ளவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோல்விட்சரின் விளக்கத்தை நம்மூர்க் கணக்கில் சொல்வதானால், "பையன் கலெக்டருக்குப் படிக்கிறான்" என்று பக்கத்து வீட்டு மாமி பெருமையாகப் பேசும்போதே மனசு கால்வாசி கலெக்டர் ஆகிவிடுகிறது. மீதிக்கான பசி மட்டுப்படுகிறது. வேலை முடியும்வரை வெளியே தெரிய வேண்டாம் என்று வள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில் சொன்னது வெறும் ராஜதந்திரம் இல்லை போலிருக்கிறது.

அதற்காக வாயைத் தைத்துக்கொள்ளவும் வேண்டாம். 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவ்வப்போது கணக்குப் பார்ப்பவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடுகிறது என்கிறது. அந்தக் கணக்கை எழுதிவைத்தாலோ பிறர் அறியச் சொன்னாலோ பலன் இன்னும் அதிகம். ஆக, "படிக்கப் போறேன்" என்பதை விட்டுவிட்டு, "நேத்து ரெண்டு இயல் முடிச்சேன், மூணாவது ஓடல" என்று கூடப் படிக்கும் தோழியிடம் சொல்லலாம். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும், மாமி பாராட்டவும் மாட்டார்.

நம்பிக்கை: இலக்கை எழுதிவைத்தவர்கள்தான் ஜெயிக்கிறார்கள். அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்.

உண்மை: தன்னம்பிக்கைக் கூட்டங்களில் தவறாமல் வரும் கதை இது. 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் இலக்கை எழுதிவைத்திருந்தார்களாம். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மீதி 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அவர்களுடையது அதிகமாம். சில மேடைகளில் யேல் போய் ஹார்வர்டு வரும். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. 1996இல் ஃபாஸ்ட் கம்பெனி என்ற அமெரிக்கப் பத்திரிகை இதன் மூலத்தைத் தேடிப் போனபோது, கதையைச் சொல்லிவந்த பேச்சாளர்கள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

எழுதுவது வீண் என்று நான் சொல்லவில்லை. எதை எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2002இல் வெளியிட்டார்கள். வரும் வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். சும்மா விடப்பட்ட குழுவில் 38 சதவீதம் பேர் செய்ததாகச் சொன்னார்கள். இதயநோய் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மை பற்றியும் படித்து உற்சாகம் ஏறிய குழுவில் 35 சதவீதம். அதே விஷயத்தைப் படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதியும் கொடுத்த குழுவில் 91 சதவீதம்! உற்சாகம் மட்டும் ஏறியவர்கள் சும்மா இருந்தவர்களைத் தாண்டவில்லை. கட்டணம் கட்டி ஊக்கப் பேச்சு கேட்கப் போகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

குரூப் 4இல் 200 வினாக்களில் 100 தமிழ். "தமிழை நல்லா படிக்கணும்" என்று எழுதி அலமாரியில் ஒட்டினால் அது அறிவிப்புத்தான். "ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், சமையலறை மேஜையிலேயே ஏழாம் வகுப்புத் தமிழில் ஒரு இயல்" என்று எழுதினால், தட்டைக் கழுவும் கையே நேரம் வந்துவிட்டதை நினைவூட்டிவிடும். அன்றன்றைக்கு யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: ஜெயித்துவிட்டதாகவே மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தால் அது நடக்கும்.

உண்மை: உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் ஜெர்மனியில் பட்டம் முடித்து வேலை தேடியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். நல்ல வேலையில் உட்கார்ந்திருப்பதாக அதிகம் கனவு கண்டவர்களுக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்து, வந்த வேலைவாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. அவர்கள் அனுப்பிய விண்ணப்பங்களே குறைவு. கனவோடு சேர்த்து, குறுக்கே நிற்கப்போவது எது என்றும் பார்த்துவிடச் சொல்கிறார் அவர். பலருக்கு அது கையிலிருக்கும் போன்தான்.

நம்பிக்கை: ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்பதெல்லாம் சாக்கு.

உண்மை: முழுக்கச் சாக்கு இல்லை. வாரம், மாதம், ஆண்டு பிறக்கும்போது உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோர் கூடுகிறார்கள் என்று 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நாள் பார்த்துத் தொடங்குகிற நம் வழக்கத்தில் விவரம் இருக்கிறது. ஆனால் தொடங்கிவைப்பதோடு அந்த நாளின் உதவி முடிந்துவிடும்.

நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், நடுவில் ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு.

உண்மை: 21 என்ற எண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது. தன்னிடம் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆவதாக அவர் எழுதியிருந்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர், ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று 96 பேரை வைத்து உண்மையாகவே அளந்து பார்த்ததில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 முதல் 254 வரை போனது. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை கல்யாண வீட்டுக்குப் போய் இயல் நின்றுபோனால், புதன் இரவு தட்டைக் கழுவியதும் விட்ட இடத்திலிருந்து படித்தால் போதும்.