கையில் போட்ட பெருக்கல் குறி



கலகக்காரர்களுக்கும் சீருடை உண்டா என்று கேட்டிருந்தாய், தம்பி. உண்டு. பள்ளிச் சீருடையையாவது மாலையில் கழற்றிவிடலாம். நீ கிதாரோடு இறங்கியிருக்கும் பங்க் இசையையே எடுத்துக்கொள். 1970களின் நடுவில் நியூயார்க்கின் சிபிஜிபி விடுதியில் ஒரே மேடையில் ஏறியவர்களைப் பார். ரமோன்ஸ் குழு இரண்டு நிமிடத்தில் பாட்டை முடித்துவிடும். டெலிவிஷன் என்ற குழு கிதாரை நீட்டி முழக்கும். பாட்டி ஸ்மித் கவிதையோடு வந்தார். டாக்கிங் ஹெட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாக்களைப் போலச் சட்டை மாட்டி வந்தது. பத்தாண்டுக்குள் பங்க் என்றாலே தோல் ஜாக்கெட், நிமிர்த்திய முடி, ஒரே வேகம் என்றாகிவிட்டது. வியாபாரிகள் கெடுத்தார்கள் என்பார்கள். பாதி உண்மை. லண்டன் கிங்ஸ் சாலையில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடைக்கு அதில் பங்கு உண்டுதான். மீதிப் பாதியைக் கூட்டமே செய்துகொண்டது.

அதற்குச் சாட்சி வாஷிங்டன் நகரம். அங்கே மது விற்கும் விடுதிகளில் வயது வராத பிள்ளைகளைக் கச்சேரி கேட்க உள்ளே விடும்போது, இவர்களுக்கு ஊற்றாதே என்பதற்கு அடையாளமாகப் புறங்கையில் பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். பிள்ளைகள் அந்தக் குறியைப் பெருமையாக்கிக்கொண்டார்கள். 1981இல் அதே நகரின் மைனர் த்ரெட் குழுவின் இயன் மெக்கே, குடியும் போதையும் எனக்கு வேண்டாம் என்று 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாடினார். ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டு. குடித்துக் கெடுவதே கலகம் என்றிருந்த இடத்தில் அது தனிக்குரல். சில ஆண்டுகளில் தனிக்குரலே கட்சியாயிற்று. யார் குடிக்கிறான், யார் இறைச்சி தின்கிறான் என்று வேவு பார்த்து, சில ஊர்களில் அடிதடிவரை போன கட்சி. நான் யாருக்கும் விதி எழுதவில்லை என்று மெக்கே சொல்லிப் பார்த்தார், கேட்பாரில்லை. விடுதிக்காரன் போட்ட குறியைத் தாங்களே போட்டுக்கொண்டு, போடாதவனைக் கேள்வி கேட்டார்கள்.

கட்டுப்பாடே இல்லாமல் இயக்கம் நிற்குமா என்பாய். நிற்காது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986 இறுதியில் கில்மன் தெருவில் தொடங்கிய அரங்கைத் தொண்டர்களே நடத்துகிறார்கள். நிறவெறி, பெண்ணிழிவு, வன்முறை கூடாது என்ற விதிகள் அதைக் காத்தன. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு மேடை இல்லை என்பதும் ஒரு விதியாக இருந்தது. அங்கே வளர்ந்த கிரீன் டே குழு 1990களில் அப்படித்தான் வெளியே நின்றது. இந்த விதியையும் நான் பழிக்கமாட்டேன்; யாரை மேடையேற்றுவது என்பது அரங்கின் உரிமை. ஆனால் நேற்றுவரை பிடித்த பாட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு கசந்தது என்றவர்கள் காதால் கேட்டுச் சொல்லவில்லை. அடுத்தவனைக் காக்கும் விதிக்குக் கட்டுப்படு. உன் ரசனையில் கை வைக்கும் விதி வந்தால், அது யார் பேரால் வந்தாலும், வேலையைப் பார் என்று சொல்லிவிடு.

அதற்காகத் தனியே போய் உட்கார்ந்துவிடாதே, அதுவும் வேஷமாகிவிடும். எல்லோரும் கறுப்பு உடுத்துகிறார்கள் என்பதற்காக வெள்ளை உடுத்துகிறவன், கறுப்பைப் பார்த்துத்தான் காலையில் சட்டை எடுக்கிறான். மெக்கே பின்னர் தொடங்கிய ஃபுகாஸி குழுவைக் கவனி. முட்டி மோதி ஆடுவது அந்தக் கூட்டத்தின் சடங்கு, அவருடைய பழைய குழுவின் கச்சேரிகளில் வளர்ந்த சடங்கு. ஃபுகாஸியின் கச்சேரியில் பக்கத்தில் நிற்பவரைக் காயப்படுத்தி ஆடுகிறவனுக்கு, டிக்கெட் காசான ஐந்து டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். பிறகு மிச்சப் பாட்டை வாசித்தார்கள், அதே கூட்டத்துக்கு.