டொமைன் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவது எப்படி?

கரூரில் என் சித்தப்பா மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் போன்றவற்றைத் தயாரித்து வெளிநாட்டிற்கு அனுப்பி வருகிறார். 2023 ஆடி மாதத்தில் ஒரு நாள் போன் செய்தார். "கண்ணு, வெப்சைட்டுக்குன்னு வருஷா வருஷம் பணம் வாங்கிட்டுப் போற பையன் ரெண்டு வாரமா போனே எடுக்க மாட்டேங்கறான். ஏதாச்சும் பிரச்சினை ஆகுமா?" என்று கேட்டார்.

அவருடைய வெப்சைட்டில் நான்கு போட்டோக்களும் ஒரு முகவரியும்தான் உள்ளன. அது ஒரு வாரம் திறக்காமல் போனால் யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனால் அவர் கம்பெனியின் இமெயில் முகவரியும் அதே பெயரில்தான் இருக்கிறது. ஆர்டர், கப்பல் தாள்கள், பேங்க் விவரங்கள் எல்லாம் அந்த முகவரிக்கே வருகின்றன. அந்தப் பெயர் கைவிட்டுப் போய், வேறு ஒருவர் அதை வாங்கிவிட்டால் என்ன ஆகும்? சித்தப்பாவுக்கு வரும் மெயில் அவருக்குப் போகும். அது மட்டுமல்ல. "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பணத்தை இனி இதற்கு அனுப்புங்கள்" என்று சித்தப்பாவின் முகவரியிலிருந்தே வாங்குபவருக்கு எழுதவும் அவரால் முடியும்.

எனவே அந்தப் பெயரை சித்தப்பாவின் கைக்குக் கொண்டுவந்து, நம்பகமான வேறு நிறுவனத்திற்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதை எப்படிச் செய்தேன், எங்கே தவறு செய்தேன் என்பதைப் பார்ப்போம்.

யார் யார் எங்கே?

புதிதாக வெப்சைட் வைத்திருப்பவர்கள் குழம்பும் இடம் இதுதான். டொமைன் பெயர் வேறு, ஹோஸ்டிங் வேறு, மெயில் வேறு. உங்கள் பக்கங்கள் இருக்கும் கம்ப்யூட்டர் இடம்தான் ஹோஸ்டிங். மெயில் பெட்டிகள் அதே இடத்தில் இருக்கலாம். வேறு நிறுவனத்திடமும் இருக்கலாம். டொமைன் பெயர் என்பது இவற்றுக்கு வழி காட்டும் பெயர்ப் பலகை மட்டுமே. மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே பில்லில் வாங்குவதால் மூன்றும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

டாட் காம் பெயர்கள் அனைத்தையும் எழுதி வைத்திருக்கும் பெரிய பதிவேட்டை வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம் பராமரிக்கிறது. டாட் இன் பெயர்களுக்கான பதிவேடு இந்தியாவின் நிக்ஸி அமைப்பிடம் உள்ளது. நாம் நேரடியாக இவர்களிடம் போக முடியாது. இடையில் இருந்து நமக்காகப் பதிவு செய்து தருபவரே ரெஜிஸ்ட்ரார். நம் ஊர்களில் வெப்சைட் செய்து தரும் பலர் ரெஜிஸ்ட்ராரும் இல்லை. அவருக்குக் கீழே உள்ள மறுவிற்பனையாளர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

ஒரு காலத்தில் டாட் காம் பெயருக்கு ஒரே ஒரு கடைதான் இருந்தது. 1995-லிருந்து நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு வருடங்களுக்கு 100 டாலர் வாங்கியது. 1998-ல் ஐகேன் அமைப்பு உருவானது. 1999-லிருந்து மற்ற ரெஜிஸ்ட்ரார்களும் விற்க அனுமதிக்கப்பட்டனர். போட்டி வந்த பிறகுதான் "ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுவது எப்படி" என்ற கேள்வியே பிறந்தது.

மொபைல் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி நம் நாடு முழுவதும் 2011-ல் வந்தது அல்லவா? 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு கோட் வரும். அதைப் புதிய கம்பெனியிடம் கொடுப்போம். டொமைன் மாற்றமும் கிட்டத்தட்ட அதுவேதான். இங்கே அந்த ரகசிய எண்ணுக்கு ஆத் கோட் அல்லது ஈபிபி கோட் என்று பெயர்.

பெயர் யாருடையது?

முதலில் ஐகேன் தளத்தில் உள்ள லுக்கப் பக்கத்திற்குச் சென்று டொமைன் பெயரை டைப் செய்து தேடுங்கள். முன்பு ஹூஇஸ் என்ற முறையில் இதைப் பார்த்தோம். 2025 ஜனவரியுடன் டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஹூஇஸ் கட்டாயம் இல்லை என்றாகி, ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்திற்கு வந்துவிட்டது. பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ரெஜிஸ்ட்ரார் யார், எப்போது காலாவதி ஆகிறது, நேம்சர்வர்கள் எவை, லாக் போடப்பட்டிருக்கிறதா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் பெயருக்குத் தேடியபோது காலாவதிக்கு 38 நாட்கள் மீதம் இருந்தன. உரிமையாளர் இடத்தில் விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன. 2018-ல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலான பெயர்களுக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் ரெஜிஸ்ட்ராரின் பெயர் தெரிந்தது. போன் எடுக்காத அந்தப் பையனுக்கு மேலே ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. மறுவிற்பனையாளர் காணாமல் போனாலும் ரெஜிஸ்ட்ராரின் பொறுப்பு போய்விடாது. அவர்களுக்கு எழுதினோம்.

பதில் வந்தது. உரிமையாளர் இடத்தில் சித்தப்பாவின் கம்பெனி பெயர் இருந்தது. இமெயில் மட்டும் அந்தப் பையனுடையது. இதை அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். உரிமையாளர் பெயரும் அவனுடையதாக இருந்திருந்தால், எத்தனை வருடம் பணம் கட்டியிருந்தாலும் பதிவேட்டின்படி அது அவனுடைய சொத்து. அப்படிப்பட்ட சண்டையில் ஐகேன் தலையிடாது. ரெஜிஸ்ட்ரார் மேல் உள்ள புகாரைத்தான் அவர்கள் விசாரிப்பார்கள். உங்களுக்கும் வெப்சைட் செய்தவருக்கும் இடையே உள்ள தகராறை அல்ல. எனவே இதைப் படிக்கும்போதே, உங்கள் பெயர் பதிவான அக்கவுண்ட்டுக்குள் நுழைந்து உரிமையாளர் பெயரையும் இமெயிலையும் பாருங்கள். அக்கவுண்ட்டே உங்களிடம் இல்லை என்றால், வெப்சைட் செய்தவருடன் நல்ல உறவில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஜிஎஸ்டி சான்றிதழ், லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றை அனுப்பிய பிறகு, மொத்தம் ஒன்பது நாட்களில் இமெயில் சித்தப்பாவின் பெயருக்கு மாறியது. இதற்கு நான் கொடுத்தது அவருடைய ஜிமெயில் முகவரி. மாற்றப்போகும் அதே டொமைனில் உள்ள முகவரியை இங்கே கொடுக்கவே கூடாது. அந்தப் பெயர் நின்றுபோனால், அதை மீட்பதற்கான மெயிலும் வராது.

60 நாள் பூட்டு

இங்கேதான் நான் முதல் தவறைச் செய்தேன். உரிமையாளரின் பெயர், கம்பெனி, இமெயில் இவற்றில் ஒன்றை மாற்றினால் அது உரிமையாளர் மாற்றமாகக் கருதப்படும். அதன் பிறகு 60 நாட்கள் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக முடியாது. திருடர்கள் விவரத்தை மாற்றிய கையோடு பெயரைக் கடத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. பல ரெஜிஸ்ட்ரார்கள் மாற்றத்துக்கு முன்பே "இந்தப் பூட்டு வேண்டாம்" என்று டிக் செய்யும் வசதி தருகிறார்கள். அந்தக் கட்டம் திரையில் இருந்தது. நான் பார்க்கவில்லை. அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டேன்.

காலாவதிக்கு 29 நாட்கள். பூட்டு திறக்க 60 நாட்கள். வேறு வழியில்லாமல் பழைய இடத்திலேயே ஒரு வருடத்திற்குப் பணம் கட்டிப் புதுப்பித்தோம்.

அந்தப் பணம் வீணாகவில்லை. டாட் காம் பெயரை மாற்றும்போது புதிய ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு வருடக் கட்டணம் கட்டுகிறோம். ஏற்கெனவே மீதம் உள்ள காலத்துடன் அந்த வருடம் சேர்ந்துவிடும். மொத்தம் 10 வருடத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. காலாவதி தேதி கடந்த பிறகு புதுப்பித்துவிட்டு, உடனே மாற்றாதீர்கள். அந்த 45 நாள் சலுகைக் காலத்திற்குள் மாறினால், பழைய இடத்தில் கட்டிய வருடம் கணக்கில் சேராமல் போய்விடும். புதுப்பிப்பதானால் தேதிக்கு முன்பே புதுப்பியுங்கள்.

புதிதாகப் பதிவு செய்த பெயருக்கும், ஒருமுறை மாற்றிய பெயருக்கும் இதே போல் பொதுவாக 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். டாட் இன் போன்ற நாட்டுப் பெயர்களுக்கு அந்தந்த நாட்டின் பதிவேடு விதி வகுக்கும். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவும்.

மாற்றும் வேலை

இனி உள்ளது எளிது. பழைய ரெஜிஸ்ட்ராரின் கண்ட்ரோல் பேனலில் டொமைனைத் தேர்வு செய்து, ரெஜிஸ்ட்ரார் லாக் அல்லது ட்ரான்ஸ்ஃபர் லாக் என்று இருப்பதை ஆஃப் செய்திடுங்கள். அடுத்து ஆத் கோட் கேட்டு கிளிக் செய்திடுங்கள். சில இடங்களில் திரையிலேயே தெரியும். சில இடங்களில் இமெயிலில் வரும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, கேட்ட 5 நாட்களுக்குள் அவர்கள் இதைக் கொடுத்தாக வேண்டும். "போகாதீர்கள், தள்ளுபடி தருகிறோம்" என்று போன் வரலாம். அது உங்கள் விருப்பம்.

புதிய ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் அக்கவுண்ட் தொடங்கி, ட்ரான்ஸ்ஃபர் பகுதியில் டொமைன் பெயரையும் கோடையும் கொடுத்து, பணம் செலுத்துங்கள். கோடை டைப் செய்ய வேண்டாம், காப்பி செய்து ஒட்டுங்கள். எழுத்தும் குறியும் கலந்து இருக்கும். பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து "மாற்றம் கேட்கப்பட்டுள்ளது" என்று ஒரு மெயில் வரும். அதில் சம்மதம் தர வசதி இருந்தால் சீக்கிரம் முடியும். ஒன்றும் செய்யாவிட்டாலும் 5 நாட்களில் தானாக மாறிவிடும். நீங்கள் கேட்காமலேயே இப்படி ஒரு மெயில் வந்தால் அன்றைக்கே மறுத்துவிடுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2005 ஜனவரியில் நியூயார்க்கின் பழைய இன்டர்நெட் நிறுவனமான பானிக்ஸின் டொமைனையே யாரோ மோசடியாக ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிவிட்டார்கள். அது ஒரு வார இறுதி. அதன் வாடிக்கையாளர்களின் மெயில் எல்லாம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. பெயரைத் திரும்பப் பெற ஏறக்குறைய இரண்டு நாட்கள் ஆயின. இன்டர்நெட் தொழிலே செய்பவர்களுக்கு இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? லாக் எப்போதும் ஆனில் இருக்கட்டும். மாற்றும் அன்று மட்டும் திறந்தால் போதும்.

நான் விட்ட எம்எக்ஸ்

ரெஜிஸ்ட்ராரை மாற்றினாலும் நேம்சர்வர் அப்படியே தொடரும். ஆனால் அந்த நேம்சர்வர் பழைய ரெஜிஸ்ட்ரார் இலவசமாகக் கொடுத்ததாக இருந்தால், நீங்கள் போன பிறகு அதை நிறுத்திவிடுவார்கள். சித்தப்பாவின் நிலை அதுதான். எனவே பழைய டிஎன்எஸ் பக்கத்தில் உள்ள வரிகளைப் புதிய இடத்தில் எழுதிவிட்டு நேம்சர்வரை மாற்ற வேண்டும். நான் வெப்சைட்டுக்கான ஏ ரெக்கார்டை எழுதினேன். சைட் அழகாகத் திறந்தது. வேலை முடிந்தது என்று தூங்கப் போய்விட்டேன்.

மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரிகளை எழுதவே இல்லை. மறுநாள் மாலை ஜெர்மனியிலிருந்து வாங்குபவர் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஆர்டரை உறுதி செய்து அவர் எழுதிய மெயில் திரும்பி வந்திருந்தது. "கம்பெனி நடக்குதா இல்லையான்னு கேக்கறாங்க கண்ணு" என்றார் சித்தப்பா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. எம்எக்ஸ் வரிகளையும், நம் மெயில் போலி அல்ல என்று காட்டும் டிஎக்ஸ்டி வரிகளையும் பத்து நிமிடத்தில் சேர்த்துவிட்டேன். ஆனால் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் புதியதைக் கேட்க மேலும் சில மணி நேரம் ஆனது. அந்த ஒரு நாளில் வேறு யார் யார் எழுதித் திரும்பிப் போனது என்று எங்களுக்கு இன்றும் தெரியாது.

எனவே டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் செய்யுங்கள். ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டே புதிய இடத்தில் எழுதுங்கள். முடிந்ததும் வேறு முகவரியிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், பதிலும் போடுங்கள். இதைச் சனி, ஞாயிறில் வைத்துக்கொள்வது நல்லது.

மாறிய பிறகு மீண்டும் லுக்கப் பக்கத்தில் தேடி, புதிய ரெஜிஸ்ட்ராரின் பெயரையும் காலாவதி தேதியையும் சரிபாருங்கள். லாக்கை ஆன் செய்யுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை ஆன் செய்து, கார்டு காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "உங்கள் டொமைன் முடியப்போகிறது, உடனே பணம் கட்டவும்" என்று முன்பின் தெரியாத நிறுவனத்திலிருந்து பில் போன்ற கடிதம் வந்தால் குப்பையில் போடுங்கள்.

சித்தப்பாவின் வேலை அந்த வருடத் தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டது. காலாவதி தேதி 2025 செப்டம்பர் என்று மாறியிருந்தது. ரெஜிஸ்ட்ராரின் பெயரையும் அந்தத் தேதியையும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பாஸ்வேர்டையும் கீழே எழுதப் போனார். நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.