பூட்டும் சாவியும்: மகள் கேட்கும் புதுப் படிப்பு



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "எம் மக பன்னண்டாவது முடிச்சிருக்கா. காலேஜ்ல ரகசியக் குறியீடு, தகவல் பாதுகாப்புன்னு படிக்கணுங்கறா. அது என்னங்க படிப்பு? பொம்பளப் புள்ளைக்குச் சரிப்படுமா?"

ஆடு வாங்க வைத்திருந்த கடன் பணத்தில் 18,000 ரூபாயைச் செல்போன் மோசடியில் பறிகொடுத்தவர் இவர். அதனால் அந்தக் கேள்வியை லேசாக விட நமக்கு மனம் வரவில்லை. விசாரித்து அறிந்ததை எழுதுகிறோம்.

ரகசியம் நமக்குப் புதிதா?

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இருவருக்குத்தான் தெரியும். ஆனால் எந்த விரலுக்கு எவ்வளவு என்று இருவரும் முன்பே அறிந்திருக்க வேண்டும். முன்பின் பேசியிராத வங்கிக் கணினியுடன் நம் செல்போன் எப்படி ரகசியம் பேசும்?

1976இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் இதற்கு வழி சொன்னார்கள். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் புதிய பூட்டு ஒன்றைக் கணக்கிலேயே செய்து காட்டினார்கள். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பூட்டை வங்கி எல்லோருக்கும் கொடுக்கிறது. யாரும் பூட்டலாம். திறக்கும் சாவி வங்கியிடம் மட்டும்.

கணக்கே பூட்டு

17ஐ 19ஆல் பெருக்கினால் 323. நம் கணக்கெழுதும் சகோதரி உடனே சொல்லிவிடுவார். 323ஐ மட்டும் சொல்லி, "எந்த ரெண்டு நம்பரைப் பெருக்கினா இது வரும்?" என்று கேட்டுப் பாருங்கள், திணறுவார். 17, 19 போல, 1ஐயும் தன்னையும் தவிர வேறு எண்ணால் மீதியின்றி வகுபடாதவை பகா எண்கள். உண்மையான பூட்டில் பெருக்கி வரும் எண்ணுக்கு 600 இலக்கங்களுக்கு மேல் இருக்கும். இன்றைய கணினிகளாலும் அதைப் பிரிக்க முடியவில்லை.

ஓர் எண் பகா எண்தானா என்று சந்தேகமின்றி, விரைவாகக் கண்டறியும் வழியை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடித்தார்கள். பின்னவர் இருவரும் அப்போதுதான் பட்டம் முடித்திருந்த மாணவர்கள்!

என்ன படிப்பார்கள்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் படிப்பில் இது ஒரு பாடம். சில கல்லூரிகளில் தனிப் பட்டப்படிப்பாகவும் உண்டு. எண் கணிதம், நிரல் எழுதுதல், கணினி வலைப்பின்னல் எல்லாம் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருப்பது நல்லது. இதற்கு வேண்டியது கணக்கும் பொறுமையும். ஆண், பெண் என்ற பேதம் இதில் இல்லை.

தகவல் பாதுகாப்பின் மூன்று விதிகள் நம் குழுவிலும் உண்டு. கணக்கை வேண்டாதவர் பார்க்கக் கூடாது. எழுதியதை யாரும் திருத்தக் கூடாது. தேவைப்படும்போது ஏடு கையில் கிடைக்க வேண்டும். ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறோமே, அதுவும் இதே பாடம்தான்.

பணம் எப்படிப் போனது?

அந்தச் சகோதரியின் பணத்தை எடுத்தவன் பூட்டை உடைக்கவில்லை. "பேங்க்ல இருந்து பேசுறேன், செல்லுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கம்மா" என்று சாவியைக் கேட்டே வாங்கிக்கொண்டான். 600 இலக்கப் பூட்டும் அங்கே உதவாது. இரண்டு பக்கமும் பாதுகாப்பு வேண்டும். பூட்டு செய்ய நம் மகள்கள் படிக்கட்டும். சாவியைக் கொடுக்காமல் இருக்க நாம் படிப்போம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. ஓ.டி.பி., ரகசிய எண் இரண்டையும் யார் கேட்டாலும் சொல்வதில்லை என்று தீர்மானம் எழுதினோமா?

2. பணம் போனால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியுமா?

3. கணக்கில் ஆர்வமுள்ள மகள் நம் குழுவில் யார் வீட்டில் இருக்கிறாள்? அவள் படிக்க நாம் என்ன செய்யலாம்?