கார் இன்சூரன்ஸும் பராமரிப்பும்: ஓர் அனுபவப் பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

முன்னுரை

"கார் வாங்குறது பெரிசில்ல, அதைக் கட்டி மேய்க்கிறதுதான் பெரிசு" என்று எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் அடிக்கடி சொல்வார். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். நம்மைப் போன்ற வீடுகளுக்கு இன்றைய யானை, காரும் அதன் மாதத் தவணையும்தான்.

என் அப்பா டிரைவர். இருபது வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். 2022-ல் கடன் வாங்கி, 2016 மாடல் டீசல் கார் ஒன்றை மஞ்சள் போர்டோடு பழையதாக வாங்கினார். அன்றைக்கு வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாவற்றையும் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அந்தக் கவரைத் திறந்து படித்திருக்க வேண்டியவனும் நான்தான். படிக்கவில்லை. அதனால் வந்த நஷ்டத்தையும், அதிலிருந்து நான் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ் இரண்டு வகை

நம் நாட்டில் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு இதைச் சொல்கிறது. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். இது 2019-ல் திருத்திய தொகை. சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் சட்டம் கட்டாயமாக்குவது 'தேர்டு பார்ட்டி' என்னும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு உயிர்ச்சேதமோ, காயமோ, பொருள் சேதமோ ஏற்பட்டால் அவருக்குக் கிடைக்கும் ஈடு. நம் வண்டி நசுங்கினால் இதில் நமக்கு ஒரு பைசா கிடையாது.

நம் வண்டிக்கும் சேர்த்து எடுப்பது 'பேக்கேஜ்' பாலிசி. பேச்சுவழக்கில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்பார்கள். இந்த 'ஃபுல்' என்ற வார்த்தையில்தான் நம் மக்கள் ஏமாந்து போகிறார்கள். ஃபுல் என்றால் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், புயல் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு ஈடு உண்டு. தேய்மானம், இயந்திரக் கோளாறு, பின்விளைவாக வரும் நஷ்டம் ஆகியவற்றுக்கு ஈடு இல்லை. இது பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. அந்த 'பின்விளைவு' என்ற ஒரு சொல்தான் எங்கள் வீட்டுக் கணக்கைப் புரட்டிப் போட்டது.

2023 டிசம்பரில் நடந்தது

மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையைப் புரட்டியெடுத்தது நினைவிருக்கும். எங்கள் வீடு பள்ளிக்கரணைப் பக்கம். 4-ஆம் தேதி விடியும்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். காரின் பானெட் வரைக்கும் மூழ்கியிருந்தது.

மறுநாள் தண்ணீர் சக்கரத்தில் பாதி அளவுக்கு வடிந்தது. அப்பா வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்போது முதலாண்டு. மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்று தெருவில் ஒரு பெயர் வேறு! நான்தான் சொன்னேன்: "ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருப்பா. கிளம்பினா மேட்டுக்குக் கொண்டுபோயிடலாம்."

"அடிக்கலாமாடா தம்பி?" என்று கேட்டார்.

"அடிப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அடித்தார். கடக் என்று ஒரு சத்தம். இன்னொரு தடவை அடித்தார். அதோடு நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்து ஒர்க்‌ஷாப்புக்கு சர்வேயர் வந்தார். "தண்ணி நின்னப்போ ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார். அப்பா மறைக்காமல், "ஆமா சார், ரெண்டு தடவை" என்றார். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். "இல்லைன்னு சொல்லியிருக்கலாமேண்ணே" என்று ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் கேட்டதற்கு, "நடந்ததைத்தானே சொல்ல முடியும்?" என்றார் அப்பா. என் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

இன்ஜின் வேலைக்கு ஈடு மறுக்கப்பட்டது. வெள்ளம் வந்து வண்டி நனைந்தது காப்பீட்டுக்குள் வரும். நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுத்தது பின்விளைவு, அது வராது என்று கடிதம் வந்தது. அப்பா அந்த ஆங்கிலக் கடிதத்தை என் கையில் கொடுத்து, "நீதான் படிக்கிறியே, என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றார். பீரோவிலிருந்த பாலிசியை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பிரித்தேன்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்?

இதன் விடை இரண்டாம் ஆண்டில் வெப்பப் பொறியியல் வகுப்பில்தான் எனக்குக் கிடைத்தது. காற்றை அழுத்தினால் அது சுருங்கும். தண்ணீரை அழுத்தினால் சுருங்காது. இதுதான் அடிப்படை.

ஒரு கணக்குப் போடுவோம். 1,200 சி.சி., நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. அழுத்த விகிதம் 17:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிச்சமிருக்கும் இடம் 300-ஐ 16-ஆல் வகுத்தால் வரும். அதாவது 19 சி.சி.க்கும் குறைவு. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் இரண்டு மூடி அளவுதான்!

காற்று வடிகட்டி வழியாக அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. செல்ஃப் மோட்டார் திருப்புகிறது, தண்ணீர் விட்டுக்கொடுக்க மறுக்கிறது. நடுவில் மாட்டிய கனெக்டிங் ராட் வளைகிறது. இதற்கு 'ஹைட்ரோஸ்டேட்டிக் லாக்' என்று பெயர். பெட்ரோல் இன்ஜினில் அழுத்த விகிதம் பெரும்பாலும் 10:1-ஐ ஒட்டி இருப்பதால் மிச்ச இடம் கொஞ்சம் கூடுதல். டீசலில் ஆபத்து அதிகம்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அப்பா பொய் சொல்லியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. வண்டி சும்மா நின்று நனைந்தால் ராட் வளையாது. வளைந்த ராடே சாட்சி.

தேய்மானக் கணக்கு

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் மொத்தம் 1,18,000 ரூபாய். அதில் இன்ஜின் வேலை 84,000. மீதி 34,000-ஆவது முழுசாக வரும் என்று நினைத்தோம். அங்கேயும் கத்தரி விழுந்தது. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கும் விதி இதுதான்:

1. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், பேட்டரி: வண்டி எவ்வளவு புதிதானாலும் 50 சதவீதம் கழிவு.
2. ஃபைபர் கிளாஸ் பாகங்கள்: 30 சதவீதம் கழிவு.
3. கண்ணாடி: கழிவு இல்லை.
4. உலோகப் பாகங்கள்: வண்டியின் வயதுப்படி. 6 மாதம் வரை கழிவு இல்லை. ஒரு வருடம் வரை 5 சதவீதம். பிறகு படிப்படியாக ஏறி, 5 முதல் 10 வருட வண்டிக்கு 40 சதவீதம். 10 வருடம் தாண்டினால் 50 சதவீதம்.

எங்கள் வண்டிக்கு வயது 7. கணக்கு இப்படி வந்தது: பேட்டரி 6,000-க்கு 3,000. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்கள் 8,000-க்கு 4,000. உலோகப் பாகங்கள் 12,000-க்கு 7,200. லேபர் 5,000 முழுசாக. ஆயில், கூலன்ட் வகையறா 3,000-க்கு ஒன்றுமில்லை. ஆக 19,200. அதிலும் பாலிசியில் உள்ள கட்டாயப் பிடித்தம் போய்விடும்.

கிட்டத்தட்ட ஒரு லட்சம் எங்கள் தலையில். அம்மாவின் செயினும் வளையலும் அடகுக் கடைக்குப் போயின. வண்டி 47 நாள் நின்றது. வண்டி நின்றாலும் தவணை நிற்கவில்லை.

இந்தக் கழிவு வேண்டாமென்றால் 'ஜீரோ டெப்' என்றும், இன்ஜினுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்றும் கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் வசதிகள் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் புது வண்டிகளுக்கே கிடைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் தேவை அதிகம், அவனுக்குத்தான் கிடைப்பது கஷ்டம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இதுதான்.

பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஆனால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறியதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

அடுத்து 'நோ கிளைம் போனஸ்'. வருஷம் முழுக்க ஈடு கேட்காமலிருந்தால் சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரு தடவை ஈடு வாங்கினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஆகவே சின்ன ஒடுக்குக்கெல்லாம் கிளைம் போடுவது லாபமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். இந்த போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. விற்றவரின் போனஸ் வாங்கியவருக்கு வராது. பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினாலும் போனஸ் போய்விடும்.

பராமரிப்பு

இன்சூரன்ஸ் விபத்துக்கு. பராமரிப்பு தேய்மானத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏழை வண்டிக்காரர்கள் அதில்தான் விழுகிறார்கள்.

டாக்ஸி மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், 10,000 கிலோமீட்டருக்கு ஓர் ஆயில் சர்வீஸ் என்ற கணக்கில் இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை செலவு வரும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளுவோம். கழிவேறிய ஆயிலில் ஓடிய பேரிங் தேய்ந்தால் அது தேய்மானக் கணக்கு, இன்சூரன்ஸில் வராது. கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் எல்லாமே இப்படித்தான். ஒரிஜினல் பாகமா, டூப்ளிகேட்டா என்ற குழப்பம் வேறு. விலை பாதி என்று டூப்ளிகேட் போட்டால், வேலை செய்த கூலியை இரண்டு தடவை கொடுக்க நேரும்.

வாடகை வண்டிக்கு எஃப்.சி. உண்டு. 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். டிங்கரிங், பட்டி, பெயின்டிங், லைட், பிரேக், புகைச் சான்று என்று வண்டியைத் தயார் செய்ய வேண்டும். அந்த நாட்களில் வருமானமும் இல்லை. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். எஃப்.சி., பர்மிட், டிரைவிங் லைசென்ஸ் ஆகியவற்றில் ஒன்று காலாவதியாகியிருந்தாலும் விபத்து நேரத்தில் கிளைம் சிக்கலாகிவிடும்.

வண்டி தண்ணீரில் மூழ்கினால்

1. எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியே போட வேண்டாம்.
2. பாதுகாப்பாக நெருங்க முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.
3. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள்.
4. உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கிளைம் எண்ணைக் குறித்து வையுங்கள்.
5. ரிகவரி வண்டியில் தூக்கிக்கொண்டு போங்கள். கயிறு கட்டி இழுத்து கியரில் விட்டு ஸ்டார்ட் செய்வதும் ஆபத்தே.
6. ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

நியாயமில்லாமல் ஈடு மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் விஷயத்தில் எழுத்து அவர்கள் பக்கம் இருந்ததால் நாங்கள் போகவில்லை.

முடிவுரை

2024 அக்டோபரில் கனமழை என்று அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்ற படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பலர் கேலி செய்தார்கள். அந்த வரிசையில் எங்கள் வண்டியும் ஒன்று. முதல் நாளே நானும் அப்பாவும் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வந்தோம். எங்கள் வயது வண்டிக்கு இன்ஜின் காப்பீடு கிடைக்கவில்லை. மேம்பாலம் கிடைத்தது!

இப்போது ஒவ்வொரு வருஷமும் பாலிசி வந்தவுடன் அப்பா என்னிடம் கொடுத்து உட்கார வைக்கிறார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்கிறேன். அம்மாவும் வந்து உட்கார்ந்து கேட்கிறார். செயின் திரும்பி வந்துவிட்டது. வளையல் இன்னும் வரவில்லை. முதல் சம்பளத்தில் மீட்பேன்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். வண்டியைக் கழற்றி மாட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவில் இருக்கும் அந்தக் கவரை எடுத்துப் படியுங்கள். புரியாததை ஆசிரியரிடமோ ஏஜென்டிடமோ கேளுங்கள். தெரியாத விஷயத்தில் "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள்.